அப்பாவின் ஒரே பாட்டு

கொலைக் காட்சிக்குப் பழைய காதல் பாட்டைப் போட்டது தன் மேதைமை என்று டிவி தொடர் இயக்குநர் பேட்டிக்குப் பேட்டி முழங்கினார். அவர் அப்பா தினமும் முகம் மழித்தபடி பாடும் பாட்டு அது. தொடர் சக்கைப்போடு போட்டது.

ஒரு காலை அப்பா பாட ஆரம்பித்ததும் மாடிவீட்டுக் குழந்தை வீறிட்டது. அதன் தாய் ஜன்னல் வழியே கெஞ்சினாள்: “பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பாட்டு கேட்டா கத்தியோட ஆள் வர்றான்னு பயப்படுறான்.”

“சரிம்மா, நிறுத்திட்டேன்.” பிறகு மகனிடம், “உங்கம்மாவுக்குப் பிடிச்சதுடா. வேற பாட்டு எனக்கு வராது,” என்றார்.

மகனுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மறுநாள் குளியலறையில் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைய பேட்டியில், “அந்தப் பாட்டு எப்படி சார் தோணுச்சு?” என்றார்கள்.

“தோணல. எங்கப்பாகிட்ட திருடினேன்.”

என்ன தன்னடக்கம் என்று அரங்கமே கைதட்டியது.