வெயில் பட்ட தொட்டி

வெயில் படுகிற தொட்டி எப்படிக் குளிரும்? அதுதான் ஹீட்டர் அக்காவுக்குப் பிடிபடவில்லை. செயற்கைக்கோளைக் குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் என்பதால் அந்தப் பெயர். கோபத்துக்கும் பொருந்தும் என்பார்கள்.

சோதனைக்காக ஏவிய தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் இன்னும் நீள்வட்டத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினை எரித்தால்தான் பூமியோடு ஒத்துச் சுற்றும் புவிநிலை வட்டத்துக்கு ஏறும். எரிபொருள் இடது, வலது என்று இரண்டு தொட்டிகளில் இருந்தது. உறைந்துவிட்டால் எஞ்சின் எரியாது. அத்தனை பேர் உழைப்பும் வீண். இடது தொட்டிமேல் நல்ல வெயில், போதாததற்கு, அளவு இறங்கினால் தானாக ஓடும் ஹீட்டரும் ஓடியது. ஆனாலும் திரையில் அதன் வெப்பம் இறங்கிக்கொண்டே போனது. நிழலில் கிடந்த வலது தொட்டியோ சூடேறியது.

"உங்க ஸ்டேஷன்ல ரெண்டையும் மாத்திக் காட்டறீங்க. கண்ணத் தொறந்து பாரு" என்று காலையில் எல்லோர் முன்னிலும் நாத்தனார்மேல் பாய்ந்திருந்தாள். நாத்தனாருக்குச் செயற்கைக்கோளின் சிக்னலை வாங்கும் தரை நிலையத்தில் வேலை.

இப்போது நாத்தனார் திரும்பி வந்தாள். "மறுபடி மறுபடி பாத்துட்டேன் அண்ணி. எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு. அண்ணன்மேல இருக்கிற கோவத்த எங்கிட்ட காட்டாதீங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"தெர்மாமீட்டர நானே என் கையால ஒட்டினேன். இப்படித்தான்" என்று ஹீட்டர் அக்கா மேசையிலிருந்த செயற்கைக்கோள் மாதிரியைத் தலைக்குமேல் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. அன்று செயற்கைக்கோளுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒட்டினாள். இடது, வலது குறித்திருந்த வரைபடமோ மேலிருந்து பார்த்து வரைந்தது. அடியிலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும்.

சோதனை அறையில் ஏன் தெரியவில்லை? அங்கே வெயில் இல்லை. இரண்டு தொட்டிகளும் சேர்ந்தே குளிர்ந்தன, இரண்டு ஹீட்டர்களும் சேர்ந்தே ஓடின. எது எதை அளக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அவளுக்குக் காது மடல்வரை எரிந்தது. மாதிரியைக் கீழே வைத்தாள்.

"மாத்தினது நீங்க இல்ல. நான்தான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "காலைல உன்னப் பேசினதும் தப்பு."

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன கட்டளை அனுப்பணும், சொல்லுங்க அண்ணி."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது ஹீட்டர் அக்காவுக்கு. நாத்தனார் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே சொன்னாள்.

"ஹீட்டர் தானா ஓடறத நிறுத்திடு. இனி இங்கிருந்தே போடுவோம். இடது அளவு எறங்கினா வலது ஹீட்டர். வலது அளவு எறங்கினா இடது ஹீட்டர்."