வேம்பு பிரிக்காத கடிதம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. தஞ்சாவூரில் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவைக்கும் ஓர் அலுவலகம். அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், வெளிநாட்டுல படிக்கிறதோட நன்மைகள்னு ஒரு ஆயிரம் வார்த்தை. கொஞ்சம் சந்தோஷமா முடியணும் சார்." அதற்கென்ன, முடித்தால் போச்சு என்று ஒப்புக்கொண்டேன். வாய்க்கொழுப்பு.

முதல் வரி: வெளிநாட்டில் பட்டம் பயிலும் மாணவன் தன்னம்பிக்கை, உலக அறிவு, பன்மொழித் திறன் ஆகியவற்றைப்

அங்கேயே பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து வெளிநாட்டில் போய்ப் படித்தவன் ஒரே ஒருவன். அவன் படிப்பால் விளைந்த நன்மை ஒரு குடிசை மனை. அதற்குக் கொடுத்த விலை ஒரு கடிதம். இதை எப்படிச் சந்தோஷமாக முடிப்பது?

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) 'மாஸ்கோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.' நான் மாஸ்கோவைக் கண்டேனா? அடித்துவிட்டேன்.

(ஆ) 'காவிரித் தாய் கடைமடையில்' வேண்டாம், மேடைப் பேச்சு.

(இ) திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தின் கீழத்தெருவில் வேம்பு என்றொரு பெண் இருந்தாள். நடவுக்குப் போகிறவள். புருஷன் வீரையன் பாம்பு கடித்துச் செத்துப்போனான். ஒரே மகன் இளையபெருமாள். குடியிருந்த குடிசை பண்ணையாரின் மனையில் இருந்தது. அவர் 'போ' என்றால் போக வேண்டியதுதான்.

இது நிற்கும். மேலே போகலாம்.

1969-இல் விவசாயச் சங்கத்துக்காரர்கள் எங்கெங்கோ சொல்லி, கெட்டிக்காரனான இளையபெருமாளை மாஸ்கோவுக்குப் படிக்க அனுப்பினார்கள். மாலை போட்டு, கொடி பிடித்து, ரயிலடி வரை தெருவே போனது. அன்றிலிருந்து அவன் வேம்புவின் மகனாக மட்டும் இல்லை, தெருவுக்கே மகன். அவன் பிழை என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்: கடிதங்களை எல்லாம் அவன் சங்க முகவரிக்கே எழுதினான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கீழத்தெருவுக்குத் தபால்காரர் வருவதும் அபூர்வம். வேறென்ன செய்வான்?

கடிதம் வந்த அன்று சாயங்காலம் வேலை விட்டு எல்லோரும் சங்கக் கொட்டகையில் கூடுவார்கள். செயலாளர் அரசப்பன் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, பொதுக்கூட்டக் குரலில் படிப்பார்.

"தோழர்களே, கேளுங்க! நம்ம தம்பி எழுதியிருக்கான். 'இங்கே பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேண்டீனில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே டம்ளர். நீ எந்தத் தெரு என்று கேட்க ஒரு ஆள் கிடையாது!'"

கைதட்டல். கூட்டத்தில் இருந்த ராமாயி குலவையே போட்டுவிட்டாள்.

(நன்மைகள் என்று அந்தப் பெண் கேட்டாளே, இவை நன்மைகள்தாம். கீழத்தெருப் பையன் ஒருவனின் கையை ஒரு பேராசிரியர் பிடித்துக் குலுக்கினார். இதைக் கேலி பேச எனக்கு நாக்கு வராது.)

வேம்பு மட்டும் கடைசி வரைக்கும் காத்திருப்பாள். "அண்ணே, சாப்புட்டானா, தூங்கினானான்னு ஏதும் எழுதலையா?"

"உலகத்தைப் பத்தி எழுதியிருக்கான், நீ சோத்தைக் கேக்குறியே தங்கச்சி!" என்று அரசப்பன் சிரிப்பார். கெட்ட மனுஷர் இல்லை. அவள் சொல்லச் சொல்ல பதில் எழுதுவதும் அவர்தான். அவள் சொன்னது "ஒடம்பப் பாத்துக்க" என்று இருக்கும். எழுத்தில் அது 'உழைக்கும் வர்க்கம் உன்னை எதிர்நோக்குகிறது' என்று போய்ச் சேரும்.

ஆக, தாயும் பிள்ளையும் இரண்டு வருஷம் ஊர் முன்னால் நின்றே பேசிக்கொண்டார்கள். தனியாக ஒரு வார்த்தை கிடையாது.

3

1971 மாசியில் தபால்காரர் சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டுக் கீழத்தெருவுக்குள் நடந்து வந்தார். உறையில் ராக்கெட் படம். முகவரி இங்கிலீஷில் ஒரு தரம், அடியில் தமிழில் ஒரு தரம்: வேம்பு, வீரையன் வீடு, கீழத்தெரு. சங்கம் என்ற பேச்சே அதில் இல்லை.

"என்ன வேம்பு, நேரா ஒனக்கே வந்திருக்கு! படிச்சுக் காட்டவா?"

"வேணாங்க."

அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஒட்டி வந்த பொருள் அது ஒன்றுதான். பிரித்தால் யாராவது படிப்பார்கள். படித்தால் தெருவுக்குத் தெரியும். 'அவனே வந்து வாயால படிச்சுக் காட்டட்டும்' என்று அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தினாள். தினமும் படியில் அரிசி அள்ளும்போது விரலில் உறை படும். அது போதும் என்றிருந்தாள். போதவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். ஒரு தாய் இப்படிப் பிரிக்காமல் வைப்பாளா? வாசகரே, நீங்கள் ஒரு தரம் உங்கள் கடிதத்தை அரசப்பன் குரலில் கேட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.)

4

அந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. பண்ணை மனையில் குடியிருக்கும் கூலிக்காரர்களுக்கு அந்த மனையே சொந்தம். ஆனால் குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததாகக் காட்ட வேண்டும். மறு வருஷம் பங்குனியில் தாலுகா ஆபீஸில் விசாரணை. பண்ணைக் காரியஸ்தர் எழுந்து அடித்தாரே ஒரு பொய்:

"இந்தப் பொம்பளை தம்பி வீட்டுல கெடந்தவ. சட்டம் வந்தப்புறம்தான் கீத்து கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. காயிதம் ஏதாச்சும் இருந்தா காட்டச் சொல்லுங்க!"

காகிதத்துக்கு அவள் எங்கே போவாள்? மகன் எழுதிய பதினோரு கடிதமும் சங்க முகவரிக்கு. அரசப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்போது வேம்பு மடியை அவிழ்த்து ராக்கெட் உறையை எடுத்து நீட்டினாள்.

அதிகாரி முகவரியைப் பார்த்தார், தபால் முத்திரையைப் பார்த்தார். தேதி தெளிவாக இருந்தது, சட்டம் குறித்த தேதிக்கு முந்தியது. காரியஸ்தர் விடுவாரா?

"உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் படிங்க சார்! யாரு எழுதினான்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

அரசப்பனும் கை நீட்டினார். "கொடு தங்கச்சி, நான் படிக்கிறேன்."

வேம்பு உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆபீஸ் முழுக்க ஆட்கள். "பிரிக்க வேணாங்க ஐயா. அப்படியே எடுத்துக்குங்க."

முத்திரையே போதும் என்று சொல்லி, உறையைக் கோப்பில் சேர்க்கச் சொன்னார் அதிகாரி. துரைராசு என்ற இளம் எழுத்தர் அதில் ஓட்டை போட்டு டேக்கில் கோர்த்தான்.

"இது திரும்பக் கெடைக்குமா ஐயா?" என்று அவனிடம் கேட்டாள்.

"பட்டா வந்ததும் வாங்கிக்கலாம்மா."

(துரைராசுவை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறை அவனைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். அவன் இல்லாமல் கதை நகர மாட்டேன் என்கிறது.)

ஆடியில் பட்டா வந்தது. வேம்பு கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு, மசிக் கட்டை விரலை முந்தானையில் துடைத்தபடி அங்கேயே நின்றாள். "அந்தக் கடுதாசி?"

"கோப்பு மேலிடத்துக்குப் போயிடுச்சும்மா."

மறு மாசமும் வந்தாள். அதற்கடுத்த மாசமும் வந்தாள். அதே பதில். கோப்பு அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

5

துரைராசு என்று யாரும் இல்லை. அந்த நாற்காலியில் இருந்தவன் நான்.

விசாரணை நடந்த அன்றே, ஆபீஸ் காலியானதும் பிரித்துவிட்டேன். மாஸ்கோ கடிதம் எப்படி இருக்கும் என்று ஒரு அற்ப ஆசை. பிரித்த உறையை அவள் கையில் எப்படிக் கொடுப்பேன்? இருபத்துமூன்று வயது, புது வேலை. அடுத்த வருஷம் நாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போகும்போது அதை உருவி எடுத்துக்கொண்டேன். இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. எழுத்தின் நடுவே நான் போட்ட ஓட்டை.

'அம்மா, இதை யாராவது நல்லவர் ஒருவரிடம் மட்டும் படிக்கச் சொல். நான் எந்தத் தெரு என்று இங்கே கேட்க ஆள் இல்லை என்று எழுதினேன். நான் யார் என்று கேட்கவும் ஆள் இல்லை அம்மா. பத்து நாளாகத் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி உன் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். வந்துவிடட்டுமா? வா என்று ஒரு வரி எழுதச் சொல். ஆவணி வரை பார்ப்பேன். வராவிட்டால், நீ இரு என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.'

நான் படித்தபோது ஆவணி முடிந்து ஏழு மாசம். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். யாராவது நல்லவர் என்று எழுதியிருந்தான் பாருங்கள். என் கையில் வந்து சேர்ந்தது.

6

முடிவு ஒன்று. படிப்பை முடித்து 1975-இல் இளையபெருமாள் திரும்பி வருகிறான், கோட்டு போட்டுக்கொண்டு. அம்மா இலை போடுகிறாள். அவன் 'ங்க' போட்டுப் பேசுகிறான், அசலூர் ஆள் மாதிரி.

"ஏண்டா, எனக்குன்னு தனியா ஒண்ணு போட்டியே, அதுல என்ன எழுதியிருந்த? பிரிக்காமயே வச்சிருந்து மனைக்குக் குடுத்துட்டேன்."

அவன் கை இலையிலேயே நிற்கிறது. நான்கு வருஷமாக அவன் நம்பிவந்தது வேறு.

"ஒண்ணுமில்லீங்கம்மா. பனி பெய்யுதுன்னு எழுதியிருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

முடிவு இரண்டு. அவன் வரவேயில்லை. அவள் பட்டா மனையில்

இதை எழுத முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. நாகப்பட்டினத்துக்கும் அந்த ஊருக்கும் ஒரு மணி நேரம்தான். ஐம்பது வருஷத்தில் ஒரு தரம் போய் விசாரிக்கவில்லை. வேம்பு இப்போது இருக்க மாட்டாள். இளையபெருமாளுக்கு என் வயசுதான், எங்கேயாவது இருக்கலாம். இந்தக் கடிதத்தைக் கொடுத்தால், அம்மா தன்னை 'வராதே' என்று சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியவரும். இத்தனை வருஷம் கழித்துத் தெரிவது நன்மையா? அந்தப் பெண் கொடுத்த தலைப்பில் அந்தச் சொல் இருப்பதால் கேட்கிறேன்.

உறையில் முகவரி இன்னும் அழியவில்லை. கீழத்தெரு வரை இப்போது மினி பஸ் போகிறது. போன வாரம் அதில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். நீங்களாக இருந்தால் இறங்கியிருப்பீர்களா?