எட்டாவது குழி

குழந்தைகள் அவசரப் பிரிவின் ஆய்வு நர்சுக்கு அன்று காலையிலிருந்தே மனம் ஆறவில்லை. ஆய்வுக்கென்று எடுத்த ரத்தத்தில் அந்த வாரம் மட்டும் இரண்டு குழாய்களைக் குப்பையில் போட்டாயிற்று. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்க வேண்டும். சுழற்றும் எந்திரமோ மூன்றாம் மாடியில், எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான ஆய்வுக்கூடத்தில் இருந்தது. பொது என்று பெயர்தானே ஒழிய, முதல் நாளே பதிவேட்டில் எழுதி வைத்தவர்களுக்குத்தான் அது சுற்றும்.

பத்தேகால் மணிக்கு, காய்ச்சலில் வலிப்பு வந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். மருந்து ஏறி, வலிப்பு நின்று, அம்மாவுக்கு மூச்சு வந்த பிறகுதான் நர்ஸ் பேச்செடுத்தாள்.

"டெஸ்டுக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்மா. அதே ஊசியில ஆராய்ச்சிக்கும் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? இப்படி வர்ற குழந்தைகள்ல யாருக்கு மோசமான கிருமித் தொற்றுன்னு சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான். வேண்டாம்னா விட்டுடலாம். வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

அம்மா குழந்தையின் கையைத் தடவினாள். "எடுத்துக்குங்க சிஸ்டர். ஆனா வீணாக்கிடாதீங்க. பிஞ்சுக் கை."

"ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பதிவேட்டில் தன் பெயர் இல்லாதது நினைவுக்கு வந்தது.

குழாயோடு கிளம்புமுன் பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தைக்கு மூச்சிரைத்தது. அதை விட்டுவிட்டுப் போக முடியுமா? அரை மணி போயிற்று. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று நலம் விசாரித்தது. ஆய்வுக்கூடக் கதவு அவளுடைய அடையாள அட்டைக்குச் சிவப்பு விளக்கைக் காட்டியது. கை வலிக்கத் தட்டினாள்.

சிறுநீரகப் பிரிவின் டெக்னீஷியன் கதவைத் திறந்தார். கையில் ஒரு காலிக் குழாய் இருந்தது.

"பதிவு இருக்கா சிஸ்டர்?"

"நாளைக்குப் பத்தேகாலுக்கு இன்னாருக்கு வலிப்பு வரும்னு இன்னிக்கே எழுதி வைக்கணுமாண்ணே?"

"என்கிட்ட ஏன் எரிஞ்சு விழறீங்க? ரூல் போட்டது நானா? பன்னிரண்டு வரைக்கும் எங்க முறை."

"எனக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. அவசரத்துக்கு எந்திரம் வேணும்னு மேலிடத்துக்கு மூணு கடிதம் போட்டுட்டேன். ஒருத்தராவது வாயைத் திறக்கணுமே! அந்த அம்மாகிட்ட நான் எந்த முகத்தோட போவேன்?"

அவர் குழாயடிக்குப் போய், கையிலிருந்ததில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார்.

"அது என்னண்ணே?"

"எட்டுக் குழி, ஏழு ரத்தம். எதிரும் புதிருமா எடை சமமா இல்லேன்னா எந்திரம் குதிக்கும். ஒத்தையா நிக்கறதுக்கு எதிர்ல தண்ணி வைக்கறது வழக்கம்."

நர்ஸ் எந்திரத்தை எட்டிப் பார்த்தாள். அங்கிருந்தவையும் குழந்தைகளின் ரத்தம்தான். அதே சின்னக் குழாய், அதே அளவு.

"சுத்தற வேகம்?"

"உங்களுக்கு வேண்டிய அதே வேகம்தான்."

"அப்போ தண்ணிக்கு இடம் இருக்கு, குழந்தைக்கு இல்லையா?"

அவர் கை நின்றது.

"இத்தனை நாளா தண்ணியைப் பத்திரமாச் சுத்தியிருக்கேன், பாருங்க" என்று தலையில் தட்டிக்கொண்டு, தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். "கொடுங்க."

எடை போட்டுப் பார்த்து, எட்டாவது குழியில் வைத்து மூடினார். எந்திரம் முனகிக்கொண்டு சுழன்றது. குப்பைக்குப் போன இரண்டு குழாய்களை நினைத்தபோது அவளுக்கு நிம்மதியைவிடக் கோபமே அதிகமாக வந்தது. அவை வீணான நாட்களிலும் எத்தனை குழியில் தண்ணீர் சுற்றியதோ!

"பதிவேட்டுல என்ன எழுதுவீங்க?"

"எட்டுன்னு எழுதுவேன். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். உங்க பிரிவு போன் நம்பரைச் சொல்லுங்க. இனிமே தண்ணி பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடறேன்."

அவள் சொல்ல, அவர் அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி எந்திரத்தின் மூடியிலேயே ஒட்டினார். ஆண்டவன் மேலிடத்துக் கதவுகளைத் திறக்க நாளாகலாம். அதற்காக ஒரு மனிதனின் மனத்தைத் திறக்காமல் இருப்பதில்லை.

நாலாவது கடிதத்தை எழுதத்தான் வேண்டும். முதலில் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். லிஃப்டை நம்பாமல் அவள் படியிறங்கினாள்.