மஞ்சள் பூட்ஸ்

வைக்கோல் கட்டுகளை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்து கொண்டிருந்தது. முந்திப் போக இடமிருந்தும் ஹேசல் முந்தவில்லை. பக்கத்து இருக்கையில் நெரிஸ், மர்மலேட் தடவிய ரொட்டியைக் கடித்தபடி கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டென்று மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஹேசல், வண்டிய ஓரங்கட்டுடி."

"ஏன், வாந்தி வருதா?"

"வாந்தியுமில்ல, மண்ணுமில்ல. என் யோசனை ஜெயிச்சிருச்சுடி! மஞ்சள் பூட்ஸ் இந்த வருஷம் எனக்குத்தானாம்!"

ஹேசல் ஓரங்கட்டவில்லை. "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வைப்பரை வேகமாக்கினாள். மழை அப்படியொன்றும் பெரிதாகப் பெய்யவில்லை.

இருவருக்கும் லீட்ஸில் ஒரே அலுவலகம், எதிரெதிர் மேசை. ஆற்றைக் கணினிக்குள் கட்டியெழுப்பி, அதில் மழையைக் கொட்டி, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று ஊர்களுக்குச் சொல்வது வேலை. அதற்கான மென்பொருளை விற்கும் கம்பெனி இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தது. பயன்படுத்துகிறவர்கள் தங்கள் யோசனைகளை அங்கே எழுதலாம், மற்றவர்கள் வாக்குப் போடலாம். அதிக வாக்கு வாங்கிய யோசனை அடுத்த பதிப்பில் சேரும். ஆண்டுக் கூட்டத்தில் அதன் சொந்தக்காரருக்கு மஞ்சள் ரப்பர் பூட்ஸில் ஒற்றைக் கால் மட்டும், உள்ளே ஒரு பூச்செடி நட்டுக் கொடுப்பார்கள். வெளியாள் பார்த்தால் சிரிப்பான். ஹேசல் சிரித்ததில்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது. பாலத்தடியில் தண்ணீர் முட்டும்போதெல்லாம் மென்பொருள் செத்து விழுகிறதே என்று தொடங்கி, படம் போட்டு, எண் போட்டு, மரியாதை குறையாமல் அவள் எழுதிய நீண்ட யோசனை வருஷக்கணக்காக அந்தப் பக்கத்தின் அடியாழத்தில் கிடந்தது. 'பரிசீலனையில்' என்ற பச்சைச் சீட்டு ஒட்டியபடி. மொத்தம் நாலு வாக்கு. ஒன்று அவளுடையது. இன்னொன்று அவள் கணவன் மால்கமுடையது. மால்கம் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். அவன் பெயரில் கணக்குத் தொடங்கியதே ஹேசல்தான்.

நெரிஸ் எழுதியது இரண்டே வரி, கூடவே பின்னோக்கி நடக்கும் நாய்க்குட்டி படம். அதற்கு நூற்றுக்கணக்கில் வாக்கு.

அந்த இரண்டு வரிதான் ஹேசலின் தொண்டையில் நின்றது. இந்தத் தொழிலில் கரைகளை, தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றுதான் சொல்ல வேண்டும். இடக்கைப் பக்கம் இடது கரை, வலக்கைப் பக்கம் வலது கரை. ஆற்றின் குறுக்கே அளக்கப் போன ஆள், முகத்தில் மழை அடிக்கிறதென்று திரும்பி நின்றுவிட்டால் தீர்ந்தது கதை. இடது வலதாகிவிடும். கணினிக்குள் வெள்ளம் இருக்கவேண்டிய கரையை விட்டு எதிர்க்கரையில் ஏறும். எங்கே பிசகியது என்று தேடிக் கண் பூத்துப் போகும். ஒருமுறை அப்படித் தேடி அலுத்து, இதே காரில், இதே சாலையில் ஹேசல் பொரிந்து தள்ளியிருந்தாள். "திரும்பி நிக்குதுன்னு தெரியுதில்ல, அதுவே திருப்பிக்கிட்டா என்ன கேடு இந்தச் சனியனுக்கு?" நெரிஸ் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் அதை எழுதிவிட்டாள். 'குறுக்களவு திரும்பி நின்றால் மென்பொருளே திருப்பிவிடட்டும், தயவுசெய்து.' தயவுசெய்து மட்டும்தான் நெரிஸுடையது.

அலுவலகத்தில் நெரிஸுக்காக யாரோ இஞ்சி கேக் வாங்கி வந்தார்கள். மேலாளர் டெஸ்மண்ட் கத்தியோடு நின்று, "நம்ம ஆபீசுக்கே பெருமை. ஹேசல், உன் சிநேகிதி பெரிய ஆளாயிட்டா, பார்த்துக்க" என்றார். ஹேசல் பெரிய துண்டாகவே எடுத்துக்கொண்டாள். சிறிய துண்டு எடுத்தால் தெரிந்துவிடும்.

கூட்டத்துக்கு முன்பே சோதனைப் பதிப்பு வந்தது. குறை இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்த கையோடு எல்லாருக்கும் போய்ச் சேரும். ஹேசல் தன் கையிலிருந்த ஹேதர்ஸ்பெக் ஊரின் ஆற்றை அதில் ஓட்டினாள். சும்மா பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஊரில் இடது கரையில் ஆரம்பப் பள்ளி, வலது கரையில் கிரிக்கெட் மைதானம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த வெள்ளத்தில் பள்ளிக்கூடத்துக் குட்டி நாற்காலிகள் சன்னல் வழியே மிதந்து வெளியே வந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் சொல்வார்கள். திரையில் நீலம் பரவியது. பள்ளிக்கூடம் காய்ந்து கிடந்தது. மைதானம் முழுகியிருந்தது. ஹேசல் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் மைதானம்.

காரணம் பிடிபட அவளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம்தான் ஆயிற்று. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? வரைபடத்தில் ஆற்றுக்காக இழுத்திருக்கும் கோட்டைப் பார்த்துத்தான். ஹேதர்ஸ்பெக்கில் அந்தக் கோட்டை யாரோ ஆறு ஓடும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலாக இழுத்து வைத்திருந்தார்கள். அதை நம்பி, சரியாக நின்ற அளவுகளையெல்லாம் மென்பொருள் ஒன்றுவிடாமல் திருப்பிவிட்டது. சத்தமில்லாமல், ஒரு வார்த்தை கேட்காமல். பாதிக் கோடுகள் இப்படித்தான் இருக்கும் நாடெங்கும். கோட்டை இழுப்பவன் தனக்கு வசதியான முனையிலிருந்துதான் தொடங்குவான். தன் ஆற்றை அவள் சரிசெய்துகொள்வாள். இதை அறியாத மற்றவர்கள் காய்ந்த கரைக்குச் சுவர் கட்டச் சொல்வார்கள்.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. இனிப்பாக ஏதோ ஒன்று நெஞ்சில் இறங்கியது. நெரிஸின் யோசனையில் ஓட்டை.

இரவுச் சாப்பாட்டில் மால்கம் மீனின் முள்ளை ஒதுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான். "அப்ப அவகிட்ட சொல்லிடேன்."

"சொன்னா அவ சரிபண்ணச் சொல்லிடுவா."

"அதுதானே வேணும்?"

"சரிபண்ணின பேரும் அவளுக்கே போகும்."

"சரி, அந்தப் பக்கத்துல நீயே எழுதிப் போடு."

"பொறாமையில எழுதுறான்னு எல்லாரும் சொல்லுவாங்க."

மால்கம் முட்கரண்டியைக் கீழே வைத்தான். "பொறாமையில்லையா அப்ப?"

"பட்டாணிய இந்தப் பக்கம் தள்ளு" என்றாள் ஹேசல்.

கூட்டத்தன்று காலையும் இருவரும் ஒரே காரில்தான் யார்க் நகருக்குக் கிளம்பினார்கள். நெரிஸ் புதுக் கோட்டு போட்டிருந்தாள், விலைச்சீட்டு கழுத்தோரம் தொங்கியது. ஹேசல் அதைப் பார்த்தாள். சொல்லவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டும்போது நெரிஸ் கேட்டாள். "ஆமா, சோதனைப் பதிப்ப ஓட்டிப் பார்த்தியாடி?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

கீழே ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. "ஓடுது" என்றாள் ஹேசல்.

"நீ ஓடுதுன்னு சொல்லிட்டா போதும், கண்ணு. வேற எவன் சொல்லணும்?" நெரிஸ் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஹேசல் முடிவெடுத்திருந்தாள். மேடையில் கேள்வி நேரம் வரும். அப்போது எழுந்து, நிதானமாக, எல்லாரும் கேட்கக் கேட்பாள். ஹேதர்ஸ்பெக் படமும் பைக்குள் இருந்தது. தவறான பதிப்பு வெளியே போகாது, ஊர்களும் தப்பும். அதற்குமேல் நெரிஸின் முகம் எப்படிப் போனால் இவளுக்கென்ன?

ரயில் நிலையத்துக்கு எதிர் ஹோட்டலில் கூடம் நிறைந்திருந்தது. கம்பெனிக்கார இளைஞன் நெரிஸின் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிட்டான். மஞ்சள் பூட்ஸுக்குள் ஊதா நிறத்தில் பான்சிப் பூ. நெரிஸ் அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கைதட்டல் அடங்கியதும் அவன், "ஏதாவது கேள்வி இருக்குங்களா?" என்றான். பின்வரிசையில் ஹேசலின் கை மேலே போனது. வேறு எந்தக் கையும் போகவில்லை.

"ஒரு நிமிஷம் தம்பி, முதல்ல நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்று நெரிஸ் ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டாள். "இந்த பூட்ஸு எனக்குச் சேர வேண்டியதில்ல. அங்க பின்னால கை தூக்கியிருக்காளே, அவளுக்குச் சேர வேண்டியது. ஹேசல். இந்த யோசனைய அவ எப்பவோ எழுதிட்டா. நீளமா எழுதினாளே, அதுல பதினோராவது பாயிண்டு. அளவ மென்பொருளே திருப்பிக்கணும்னு ஒரு வார்த்தை மாறாம அதுலயே இருக்கு. நான் அதுக்கு வாக்குப் போட்டேன், எங்க அக்காவையும் போட வெச்சேன். அதுக்குமேல ஒரு நாயும் சீண்டல. சுருக்கி எழுதினாலாவது படிப்பீங்களான்னுதான் நான் எழுதினேன். இவகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா 'வேணாம்'பா, சண்டைக்கு வருவா. அதான் இங்க வெச்சுச் சொல்றேன்."

பதினொன்று. பாலம், மணல், அடைப்பு எல்லாம் எழுதிக் கை ஓய்ந்த நேரத்தில் எழுதியது. அதை எழுதியதே அவளுக்கு மறந்து போயிருந்தது. நாலு வாக்கில் மீதி இரண்டு யாருடையவை என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ தட்ட ஆரம்பித்தார்கள், கூடமே சேர்ந்து தட்டியது. இதிலும் நெரிஸே ஜெயித்துவிட்டாள் என்று ஹேசலுக்குள் ஒரு குரல், அந்த நேரத்திலும், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. ஓட்டையும் இப்போது ஹேசலுடையதுதான், வார்த்தை மாறாமல்.

"மேடம் என்னவோ கேக்கணும்னாங்களே, மைக்க அங்க குடுங்க" என்றான் இளைஞன்.

கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்க மறந்திருந்தாள். மேடையில் நெரிஸ் பூட்ஸை அவள் பார்க்கத் தூக்கிக் காட்டினாள், கொஞ்சம் மண் உதிர்ந்தது. ஒலிவாங்கி முன்வரிசையிலிருந்து கைமாறி, கைமாறி, ஒவ்வொரு வரிசையாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.