ஏழாம் மாதத்துக்குள் நல்ல தண்ணீர்

தனுஷ்கோடி ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால், அது முடிகிற வரைக்கும் வீட்டில் யாரையும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடமாட்டார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் சித்திரை மாதம் அவர் இறங்கிய காரியம், வீட்டுக்குள் வருகிற அத்தனை தண்ணீரையும் நல்ல தண்ணீராக மாற்றுவது. குடிக்கிற தண்ணீர் மட்டும் என்றால் ஊரே செய்கிறது. இவருக்குக் குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர், வாசல் தெளிக்கிற தண்ணீர் எல்லாமே மாறியாக வேண்டும்.

எல்லாம் மருமகள் பிரீத்திக்காக. அம்பாசமுத்திரத்துப் பெண். தாமிரபரணித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். சிவகாசிக்கு வாழ வந்த மூன்றாம் மாதமே சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வர ஆரம்பித்தது. இந்த ஊர் போர் தண்ணீரைப் பற்றி ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், ஹீட்டர் கம்பி வருஷத்துக்கு ஒன்று போகும். பிரீத்தி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சத்தமில்லாமல் குப்பையில் போடுவாள். தனுஷ்கோடி அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர் போலப் பேப்பரைத் திருப்பிக்கொள்வார்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனவளுக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கூட்டி வருவது ஒற்றைப்படை மாதத்தில்தான் என்பது இவர்கள் வீட்டுப் பழக்கம். மூன்றாம் மாதம் கேட்டபோது குழந்தைக்குச் சளி என்றாள். ஐந்தாம் மாதம் கேட்டபோது, அந்தத் தண்ணீர் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பயமாக இருக்கிறது என்று மாமியார் செல்வலட்சுமியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இப்போது ஏழாம் மாதம். பேத்தி குப்புற விழுந்ததையும் தனுஷ்கோடி போனில்தான் கேட்டார், முதல் பல் முளைத்ததையும் போனில்தான் கேட்டார். மகன் சூர்யபிரகாஷாவது வாரம் தவறாமல் சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சம்பந்தி வீட்டுக்கு அடிக்கடி போய் நின்றால் மரியாதையாக இருக்காது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அவரே அதில் மாட்டிக்கொண்டு தவித்தார்.

வீடு முழுக்க ஃபில்டர் போடப் போகிறேன், போட்டால் ஏழாம் மாதம் முடிவதற்குள் வருவாயா என்று ஒருநாள் பிரீத்தியிடம் போனில் நேராகவே கேட்டுவிட்டார். வருகிறேன் மாமா என்றாள். அந்த ஒரு வார்த்தை போதாதா அவருக்கு?

விருதுநகரிலிருந்து கதிரவன் என்கிற ஃபில்டர்காரனை வரவழைத்தார். நல்ல தொழில்காரன். ஒரு குப்பியில் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். மோட்டாருக்கும் மேல்தொட்டிக்கும் நடுவில் இரண்டு உருளைகள் வைக்க வேண்டும், ஒன்று அழுக்கையும் வாடையையும் பிடிக்கும், இன்னொன்று சுண்ணாம்பைப் பிடிக்கும் என்று விளக்க ஆரம்பித்தான். தனுஷ்கோடி அதை எங்கே காது கொடுத்துக் கேட்டார்? புதன்கிழமை மாட்டினால் வெள்ளிக்கிழமை தண்ணீர் வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றான். சுவரில் மாட்டி ஸ்விட்ச் போடுகிற வெள்ளைப் பெட்டி ஒன்றை மனதில் நினைத்துக்கொண்டு, மறுநாள் மகனும் கூட வேலை பார்க்கிற தன் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டார். பிரீத்திக்கு வெள்ளிக்கிழமை கார் அனுப்புவதாகவும் சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை காலை கதிரவன் வேனில் சாமான்களைக் கொண்டு வந்து கார் நிறுத்துகிற இடத்தில் இறக்கினான். நீல நிறத்தில் ஆள் உயர உருளைகள் இரண்டு. குழாய்கள். கூழாங்கல், மணல். பிறகு மூன்று மூட்டைகள். ஒன்றில் கரி, வாடையைப் பிடிப்பதற்கு. ஒன்றில் ரெசின், மஞ்சளாகப் பொடிமணி போலிருக்கும், சுண்ணாம்பைப் பிடிப்பதற்கு. ஒன்றில் கல் உப்பு, வாரம் ஒருமுறை அந்த ரெசினைக் கழுவுவதற்கு. உப்புத் தண்ணீரை நல்லதாக்க இன்னும் உப்பா என்று செல்வலட்சுமி கேட்டதற்கு அவன் பொறுமையாகப் பதில் சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் பையன் தன்மையாகப் பேசுகிறான் என்று மோர் கொடுத்தாள்.

மதியம் வரைக்கும் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்று மூட்டைகளின் வாயையும் பிரித்து வரிசையாக நிறுத்தி வைத்தான். ஒரு குழாயை வளைக்க வேண்டியிருந்தது. தினத்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, குழாயைச் சூடு காட்டி வளைத்துவிட்டு, தாளைத் தரையில் போட்டு மிதித்தான். அப்புறம் பார்த்தால் ஒரு இணைப்பு அளவு சேரவில்லை. ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் தனுஷ்கோடி சாப்பாட்டுக்கு வந்தார்.

காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு கேட்டைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் மூட்டைகளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்திருப்பார். முப்பத்தைந்து வருஷம் பட்டாசுத் தொழிலில் கிடந்த மனிதரின் கண்ணுக்குக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது கரி, வெடியுப்பு, கந்தகம். மூன்றும் சேர்ந்தால் வெடிமருந்து. ஒரே அறையில் வைக்கவே கூடாத சாமான்கள் வாயைத் திறந்துகொண்டு சித்திரை வெயிலில் நிற்கின்றன. பக்கத்தில் எரிந்த தாள், அதில் மெல்லியதாகப் புகை. ஃபில்டர், கதிரவன், புதன்கிழமை எதுவும் அவர் நினைவில் இல்லை. மூளை நின்றுவிட்டது. கையும் காலும் மட்டும் வேலை செய்தன.

செருப்பைக் கழற்றினார். வாட்சைக் கழற்றி மதில்மேல் வைத்தார். கத்தவில்லை. கம்பெனியில் கத்தினால் ஆட்கள் தடுமாறி ஓடுவார்கள், அதனால் கத்தக்கூடாது. ஜன்னல் பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இவளே, அடுப்ப அணைச்சிட்டுப் பின்வாசல் வழியாத் தெருவுக்குப் போ. எதுவும் கேக்காத."

முப்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் அந்தக் குரலை ஒரே ஒருமுறைதான் அதற்கு முன் கேட்டிருக்கிறாள். குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

தனுஷ்கோடி செடிக்கு ஊற்றுகிற ஹோஸை இழுத்து முதலில் தாளை நனைத்தார். அப்புறம் கரி, அப்புறம் வெள்ளை, அப்புறம் மஞ்சள். மூன்றும் சொதசொதவென்று ஆகிற வரைக்கும் விடவில்லை. இரும்பு உரசிப் பொறி வந்துவிடக்கூடாது என்று பிளாஸ்டிக் வாளியைத் தேடி எடுத்து, கையாலேயே அள்ளி அள்ளி, தென்னங்கன்று வைக்கத் தோண்டியிருந்த குழியில் கொண்டுபோய்க் கொட்டினார். அதன் மேலும் தண்ணீர் விட்டு ஒரு கம்பால் கலக்கினார். அறுபது வயதை நெருங்குகிற மனிதர், மூச்சு வாங்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரை மணி நேர வேலையைப் பத்து நிமிஷத்தில் முடித்தார். தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டுப் பலவேசம் தன் வீட்டு மெயின் ஸ்விட்சைக்கூட அணைத்துவிட்டார். இந்த ஊரில் யாருக்கும் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கதிரவன் வந்து வண்டியை நிறுத்தினான். காலி மூட்டைகளைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் கரியாக நின்றவரைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அது உங்க ஃபில்டர்ல போடுற சாமான் அண்ணாச்சி," என்றான்.

தனுஷ்கோடிக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் உள்ளே வந்த செல்வலட்சுமி, நடுக்கம் தீராமலேயே, கந்தகம் என்றால் நெடி அடிக்காதா, பின்னே எதற்கு முகத்தில் மூக்கு என்று ஒன்று என்று கேட்டாள். பலவேசம் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. தனுஷ்கோடியும் சிரிக்கத்தான் செய்தார். வேறென்ன செய்வது?

கதிரவன் மட்டும் சிரிக்கவில்லை. உப்பும் கரியும் எப்படியாவது நாளைக்குள் வாங்கிவிடலாம், ரெசின் கோயமுத்தூரிலிருந்துதான் வர வேண்டும், எப்படியும் பத்து நாள் ஆகிவிடும் என்று தயங்கிக்கொண்டே சொன்னான். ஏழாம் மாதம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. இனி ஒன்பதாம் மாதம்தான். தன் கையாலேயே பேத்தியின் வரவைக் குழியில் தள்ளிக் கம்பால் கலக்கியிருந்தார் தனுஷ்கோடி. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் செல்வலட்சுமி செல்போனைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். வெள்ளிக்கிழமை கார் வராது என்பதை நான் சொல்லமாட்டேன், செய்தவர்தான் சொல்ல வேண்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

அவர் நம்பரைப் போட்டார். குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்டார், சம்பந்தியைக் கேட்டார், வெயிலைக் கேட்டார். அப்புறம் வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னார். வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். செருப்பைக் கழற்றியது, வாளியைத் தேடியது, பலவேசம் மெயினை அணைத்தது எல்லாம் சொன்னார். மருமகள் சிரிப்பாள் என்று பார்த்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"பிரீத்தி, இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா." குரல் கம்மியிருந்தது. "உங்களுக்கும் பயம் இருக்கா மாமா?"

அவருக்குக் கேள்வி பிடிபடவில்லை. அவள் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீரைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை, முடி கொட்டியது உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை என்றாள். போன ஆடியில் பக்கத்துக் கம்பெனியில் ஒரு அறை வெடித்துப் போன அன்றைக்கு, நீங்களும் அவரும் மூன்று மணி நேரம் கழித்து வந்தீர்கள். போனையும் எடுக்கவில்லை. ஆறு மாத வயிற்றோடு நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் வந்தீர்கள், குளித்தீர்கள், இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டீர்கள். அத்தை பரிமாறினார்கள். அவர் டி.வி.யைப் போட்டார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்த வீட்டுல யாருக்கும் ஒண்ணுமே இல்ல, நான் ஒருத்திதான் பைத்தியக்காரின்னு நெனச்சேன் மாமா. அங்கன வந்து பிள்ளைய வச்சுக்கிட்டு, தெனம் நான் மட்டும் எப்படிப் பயந்துக்கிட்டு இருக்க?"

தனுஷ்கோடிக்கு அந்த ஆடி மாத ராத்திரி அப்படியே நினைவிருந்தது. குழம்பைப் பற்றிக் கேட்டது வேறு எதைப் பேசினாலும் உடைந்து போய்விடுவோம் என்பதால்தான். தட்டில் விழுந்தது சாம்பாரா ரசமா என்றுகூட அவருக்குத் தெரியாது. பக்கத்துக் கம்பெனியில் அவரோடு நாலாம் கிளாஸ் வரை படித்த மாரிக்கண்ணன் அந்த வெடியில் போய்விட்டான். அதை அவர் செல்வலட்சுமியிடமே மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார். வீட்டுப் பெண்கள் பயந்துவிடக்கூடாது என்று அவர் அப்பா அப்படித்தான் இருந்தார், இவரும் அப்படித்தான் இருந்தார், மகனையும் அப்படியே பழக்கிவிட்டார். மருமகள் ஒருத்தி கேட்டருகில் தனியாக நின்றது அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

எப்போதும் போல, அதெல்லாம் ஒன்றும் இல்லம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"இருக்கு தாயி," என்றார். "முப்பத்தஞ்சு வருசமா இருக்கு. தெனமும் கம்பெனி கேட்டத் தொறக்கையில இருக்கு. உம் புருசன் மருந்து ரூமுக்குள்ள போயிட்டு வெளிய வர்ற வரைக்கும் இருக்கு. இன்னைக்கு நம்ம வீட்டு வாசல்லயே பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. பாப்பா வெள்ளிக்கிழம இங்கன தவழுமேங்கிறது மட்டுந்தான் மனசுல நின்னுச்சு. வேற ஒண்ணும் தெரியல."

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. இதுவரை ஒரு மனிதரிடமும் சொல்லாததைப் பெற்ற பிள்ளை வயதில் இருக்கிற பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது. அந்தப் பக்கம் பிரீத்தி அழுவது கேட்டது. பக்கத்தில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டு தன் பாட்டுக்குச் சத்தம் போட்டது.

"இத நீங்க அன்னைக்கே ஒரு தடவ சொல்லியிருந்தா, நான் மூணாம் மாசமே வந்திருப்பேன் மாமா."

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம காரை அனுப்புங்க," என்றாள். "ஃபில்டர் எப்ப வருதோ வரட்டும்."

போன் கட்டானது. செல்வலட்சுமி கிட்டே வந்து முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத முகம் அது.

"என்னங்க, அழுறீகளா?"

"ஆமா," என்றார் தனுஷ்கோடி.