பெயர் சொல்லாத வரைக்கும்

யோல் என்னும் நடுக்குளிர்காலப் பண்டிகையின் படையலுக்கு ஆட்டுத்தொடை வேகவைக்கும் வேலையை ஓட்னி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். சும்மா இருந்தால் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அக்டோபரிலிருந்து அவள் கையைப் பிடிப்பதே இந்த ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பாகிவிட்டது. கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு நிற்பவளின் கையை யாரும் பிடிக்க முடியாது.

அக்டோபரில்தான் அவள் புருஷன் பிரண்டூர் ஏறிப்போன மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. படகில் இருந்தவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் உடலைக் கடல் திருப்பிக் கொடுத்துவிட்டது, அவர்கள் ஊர்த் தேவாலயத்தில் அடக்கமும் ஆகிவிட்டது. பிரண்டூரைக் கடல் கொடுக்கவில்லை. தேடிப் போனவர்கள் கொஞ்ச நாள் தேடிவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். ஏதாவது கிரீன்லாந்துக் கப்பல் தூக்கிப் போயிருக்கலாம், வடக்கே ஆளில்லாத கரையில் ஒதுங்கியிருக்கலாம் என்று ஓட்னி இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் குளிரில் அப்படியெல்லாம் நடக்காது என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்வது, மனம் விடமாட்டேன் என்கிறதே.

அடுப்படிக்குள் தோர்கில்ஸ் தலையை நீட்டினார். அவள் மாமனார். வாரம் முழுக்க மீன் ஆலையில் குளிர்சாதன எந்திரத்தோடு மல்லுக்கட்டுபவர், கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய தெய்வங்களைக் கும்பிடும் இந்தச் சின்னக் கூட்டத்துக்கு அவர்தான் பூசாரி.

"மாமா, நான் கேட்டது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"ரெண்டாவது சுத்துல அவரு பேரு வரக் கூடாது."

"நான் சொல்ல மாட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். போதுமா?"

அவள் அண்டாவைக் கிளறத் திரும்பினாள். அவரும் நிற்கவில்லை.

படையலில் தேன்மது நிரப்பிய மாட்டுக்கொம்பு கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றிவரும். முதல் சுற்று தெய்வங்களுக்கு. இரண்டாவது செத்துப்போனவர்களுக்கு. கொம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்லிக் குடித்தால், அந்த ஆள் விருந்துக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. அதன்பிறகு அவர் இறந்தவர்தான், அதை மாற்ற முடியாது. மேசைத் தலைமாட்டில் அவர்களுக்கென்று ஒரு காலி நாற்காலியும் அதன்முன் ஒரு தட்டும் இருக்கும். பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவர் வீட்டாள் எழுந்து போய் அந்தத் தட்டில் பரிமாற வேண்டும். பரிமாறி முடிக்கும்வரை வேறு யாரும் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. போன வருஷம்வரை ஓட்னிக்கு ரொம்பப் பிடித்த சுற்று இதுதான்.

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் வெளியே தீ மூட்டினார்கள். மலை மறைப்பதால் இந்த ஊரில் நவம்பரிலிருந்தே சூரியன் கண்ணில் படாது. இருந்தாலும் வருஷத்தின் மிக நீண்ட இரவான இன்றைக்குத்தான் அது திரும்புகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தோர்கில்ஸ் பனியில் தேன்மதுவை ஊற்றி அதை வரவேற்றார். காற்று பாதியை அவர் மேலேயே திருப்பி அடித்தது.

"சூரியன் வந்துச்சுன்னா முதல்ல உன் சட்டையத்தான் மோந்து பாக்கும் தோர்கில்ஸ்," என்றாள் க்ரோவா. ஓட்னியின் பக்கத்து வீட்டுக்காரி, வாய் சும்மா இருக்காதவள். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்னிக்கும் சிரிப்பு வந்தது, வந்ததும் பயமாக இருந்தது.

உள்ளே வந்து உட்காரும் நேரத்தில்தான் ஈவார் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடத்துப் புது வாத்தியார். மலைப்பாதையில் பனி மூடி, வண்டி சிக்கி, கால்நடையாக வந்திருந்தான். பிரண்டூரைத் தேடிக் கரை கரையாக அலைந்து கால்விரல் ஒன்றை உறைபனிக்குப் பறிகொடுத்தவன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கூட்டத்திலேயே சேர்ந்தான். இது அவனுக்கு முதல் யோல். வந்தவனைத் தீக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, போர்த்திவிட்டு, குடிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பதை அவனிடம் சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் க்ரோவா எழுந்தாள். "என் அண்ணன் எய்னார். குடிக்காத நாள்ல தங்கமானவன். அந்த ரெண்டு நாளும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." சிரித்துக்கொண்டே குடித்தார்கள். ஒருவர் அம்மாவைச் சொன்னார், ஒருவர் கூடப்படித்தவனைச் சொன்னார். ஓட்னி மகள் சால்காவின் பின்னலை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தாள். இன்னும் நாலைந்து பேர்தான், தாண்டிவிடும்.

கொம்பு ஈவாரிடம் போனது. அவன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். துக்கத்தில் யாருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது என்று அந்த நல்ல பிள்ளை நினைத்துக்கொண்டான்.

"சொல்ல வேண்டியவங்களால முடியல, எனக்குப் புரியுது. அதனால நான் சொல்றேன். தோர்கில்ஸ் மகன் பிரண்டூர். உன்னைக் கண்டுபிடிக்க முடியாமப் போச்சுப்பா. இங்கயாவது வா." குடித்துவிட்டான்.

கெட்டவன் செய்திருந்தால் எழுந்து அறைந்திருக்கலாம். ஓட்னி மாமனாரைப் பார்த்தாள். தடுக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். முன்பொரு வருஷம் ஒருத்தன் போதையில், விட்டுவிட்டுப் போன பெண்டாட்டியின் பெயரைச் சொன்னபோது, தோர்கில்ஸ் கொம்பைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்து, "அவ உயிரோட இருக்கா, உக்காருடா" என்று அதட்டியிருக்கிறார். அதையேதான் இப்போதும் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

கொம்பு அவர் கைக்கு வந்தது. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"வாடா மகனே," என்றார். "வந்து உக்காரு."

செத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் அவன் வாசலிலேயே குளிரில் நிற்பான் என்பது அவர் நம்பிக்கை. அக்டோபரிலிருந்து அவர் மகன் அங்கேதான் நின்றிருக்கிறான், மருமகளுக்குக் கொடுத்த வாக்குக்காக இவர் கதவைத் திறக்காமல் இருந்திருக்கிறார். இது இப்போதுதான் ஓட்னிக்கு உறைத்தது. துரோகம் என்று கத்தத்தான் தோன்றியது. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருக்கும் அந்த மனுஷனைப் பார்த்து எப்படிக் கத்துவது?

கொம்பை மறுபடி நிரப்பி அவளிடம் கொடுத்தார்கள். உதட்டில் வைக்காமலே க்ரோவாவிடம் தள்ளினாள். க்ரோவா அவளுக்கும் சேர்த்துக் குடித்தாள். அதற்குள் யாரோ ஈவாரின் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டார்கள். அவன் முகம் வெளுத்து எழுந்து வந்தான்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா யாரும் சொல்லல. நான் சொன்னதத் திருப்பி எடுத்துக்க முடியாதா?"

"முடியாதுப்பா," என்றார் தோர்கில்ஸ். "உக்காரு."

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தலைமாட்டுத் தட்டில் தங்கள் ஆட்களுக்குப் பரிமாறிவிட்டு வந்தார்கள். பாக்கி ஒருத்தி. இறைச்சியின் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. யாரும் முள்கரண்டியைத் தொடவில்லை. சீக்கிரம் போ என்று ஒருவராவது சொல்லித் தொலைத்திருந்தால் அவள் கோபித்துக்கொண்டு வெளியே போயிருப்பாள். யாரும் சொல்லவில்லை.

"நான் வேணா போட்டுடட்டுமா?" என்று க்ரோவா மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டாளுதான் போடணும்," என்றார் தோர்கில்ஸ் மேசையைப் பார்த்தபடி.

"மாமா, நீங்களும் வீட்டாளுதானே?" ஓட்னியின் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"அவன் இருந்தது உன் வீட்டுலம்மா."

சால்கா தலைமாட்டு நாற்காலியை எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பா வந்துட்டாரா?"

ஓட்னி அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பசிக்குது."

ஓட்னி எழுந்தாள். எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எழுந்தாள். ஆட்டுத்தொடையில் கொழுப்பும் சதையுமாக இருக்கிற இடமாகப் பார்த்து அறுத்து வைத்தாள். இன்னொரு துண்டு வைத்தாள். உருளைக்கிழங்கை அள்ளி வைத்து, வெள்ளைக் குழம்பை ஊற்றினாள். மறுபடி இறைச்சி. பொரித்த ரொட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெண்ணெயை வழித்துத் தடவினாள். குழம்பு தட்டின் விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் ஓடியது. அவள் கை நிற்கவில்லை.

"ஓட்னி, போதும்மா," என்று க்ரோவா அவள் கையைப் பிடிக்க வந்தாள்.

"இருங்க," என்று ஓட்னி கையை விலக்கிக்கொண்டாள். "அக்டோபர்லேருந்து ஒண்ணுமே சாப்பிடல அவரு."

தோர்கில்ஸ் எட்டி, உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.