பிணம் இல்லாத சாவு வீடு

அண்ணன் வில்ஃப் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்ப வேண்டிய காலையில் அம்மா தெருப்பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். இங்கிலாந்தின் ஓல்டம் ஊரில், எங்கள் தெருவில் பட்டப்பகலில் திரை மூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுக்குள் பிணம் கிடக்கிறது.

தெரிந்துதான் செய்தாள். மார்ச் மாதம் அண்ணன் அங்கே குடியேறும் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே சொல்லிவிட்டாள். "போறதுன்னா போ. பிள்ளை செத்துட்டான்னு நினைச்சுக்கறேன்."

தலைக்குப் பத்து பவுண்டு கட்டினால் போதும், அண்ணனைப் போன்ற கொத்தனார்களை அந்த நாடு வாரி எடுத்துக்கொள்கிறது. இங்கே அவனும் அவன் மனைவி பெரிலும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் பின்னறையில் நாலு வருஷமாக ஈரச் சுவரோடு குடித்தனம். சின்னவளுக்கு இருமல் நின்றபாடில்லை. போகாமல் என்ன செய்வான்? நான் அவன் பக்கம்தான். அதை அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் என் தேநீரை நானே போட்டுக் குடித்தேன்.

பெரில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்னாலேயே போய்த் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றாள். அண்ணன் மாடியில் கடைசிப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் திரையைத் திறக்கப் போனேன்.

"கைய வச்சே, ஒடிச்சுடுவேன் மேவிஸ்."

"உயிரோட மாடியில நிக்கிறான்மா. பூட்ஸ் சத்தம் கேக்கலையா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

நாற்பது வருஷம் மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்றவள். செவிட்டுத்தனத்தை வேண்டும்போது எடுத்து மாட்டிக்கொள்வாள்.

இடுக்கு வழியே எட்டிப் பார்த்தேன். எதிர் வீட்டில் திரை மூடியது. பிறகு பக்கத்து வீட்டில். ஒரு வீட்டில் மூடினால் தெருவே மூடுவது எங்கள் ஊர் மரியாதை, ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கால் மணி நேரத்தில் ஒரு ஜன்னல் பாக்கியில்லை. அப்புறம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஆக்டனம்மா. எங்கள் தெருவில் பிரசவம் பார்ப்பதும் அவள்தான், பிணத்தைக் குளிப்பாட்டி உடுத்துவதும் அவள்தான். வெள்ளை ஏப்ரன் கட்டி, கையில் பையோடு வந்திருந்தாள்.

"என்னடி ஹெட்டி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? யாரு போனது?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி சரி, அழுது முடி. மேவிஸ், வென்னீர் போடு. வெறைக்கிறதுக்குள்ள ஆக வேண்டியதப் பாக்கணும். ஆளு எங்க, மாடியிலயா?"

"மாடியிலதான். கொஞ்சம் பொறுங்க, அதுவே எறங்கி வரும்," என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். ஆக்டனம்மா பையைப் பொத்தென்று போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது.

"அடிப்பாவி! சவரம் பண்ணி, தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிற பொணத்த இன்னிக்குத்தான்டி பாக்கறேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. "செத்தவன்னே வச்சுக்கட்டும் ஆக்டனம்மா. ஆனா நான் போவேன். என் பொண்ணு இருமாம தூங்கணும்." அம்மாவின் அதே பிடிவாதம், அதே தாடை. கையை நீட்டினான். "கையையாவது குடும்மா."

அம்மா அசையவில்லை. ஆக்டனம்மா எழுந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"சரிடி, செத்துட்டான். அப்ப முறைப்படி செய். பொணத்தத் தொடு. தொட்டுட்டா கனவுல வராது, நிம்மதியாத் தூங்குவே. ஜேக்கைத் தொட்டியே, அப்புறம் வந்தாரா?"

ஜேக் எங்கள் அப்பா.

"வரல," என்றாள் அம்மா. "மூணு வருஷமாச்சு. ஒரு நாள்கூட வரல."

"அப்ப இவனையும் தொடு."

தெருமுனையில் பஸ் ஹார்ன் அடித்தது. நீட்டிய கையை அண்ணன் மடக்கவில்லை. தொட்டுத் தொலையேன் என்று கத்தத் தோன்றியது எனக்கு. சிமெண்டில் வெடித்திருந்த அந்த விரல்களை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன். தொடவே மாட்டேன்டா. பகலெல்லாம் அந்த ஊர்க்காரனுங்க உன்ன வச்சுக்கட்டும். ராத்திரி ஆனா கனவுல நீ இங்க வந்துடணும். தினமும் வரணும். சொல்லிட்டேன்."

அண்ணன் முகம் உடைந்தது. என்னைக் கட்டிக்கொள்ளத் திரும்பினான்.

நானும் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.